வீட்டுக்குள் ஒரு கொப்பி

என் கணவர் தேயிலை லொறி ஓட்டினார். நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து ஃபெக்டரியில் தூள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்குவார். மறுநாள் வெறும் லொறியோடு திரும்பும்போது எப்படியாவது ஒரு சுற்றுச் சுற்றி வெள்ளவத்தைக்குப் போய் ஒரு படம் வாங்கிக்கொண்டுதான் வருவார். ஒரிஜினல் டிவிடி. பஜாரில் விற்கிற திருட்டு சீடியைத் தொடமாட்டார். தியேட்டருக்குள் கமெராவை ஒளித்து வைத்து எடுத்த படங்களில், யாரோ எழுந்து வெளியே போகிற தலை திரையில் தெரியும். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

"அத்தன பேரு ஒழச்சு எடுத்தத இப்பிடியா பாக்குறது?" என்பார்.

அந்தப் படங்களுக்காகவே கண்ணாடிக் கதவு வைத்த ஓர் அலுமாரி செய்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் நோர்வூட் பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறாக்கி முடித்ததும் அவர் அலுமாரியைத் திறந்து, எதைப் போடலாம் என்று விரலை ஓட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் வாழ்க்கையில் ஆடம்பரம் என்று எதையாவது சொல்லலாம் என்றால் அதுதான்.

ஒருநாள் கொழும்பில் இருந்து திரும்பும்போது கினிகத்தேனையில் லொறியை ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார். பிறகு ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த கிளீனர், களைப்பில் தூங்குகிறார் என்று நினைத்து டீ வாங்கப் போயிருக்கிறான். கண்டி ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை அவருடையது மாதிரியே இல்லை. என்னை அடையாளம் தெரிந்தது. பெயர் சொல்ல வரவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு மெல்ல நடந்தார். சாப்பிட்டார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் "ம்... ம்..." என்றுதான் வரும். என்ன வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவேன். தவறாகக் கேட்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பகலில் நான் வேலைக்குப் போனதும் அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணி வந்து பார்த்துக்கொள்வார்.

அண்ணிதான் முதலில் அதைக் கவனித்தார். ஒருநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறி வரும்போதே வாசலில் நின்று கையைக் காட்டினார்.

"சத்தம் போடாம வா. உள்ள பேசிக்கிட்டு இருக்காரு."

அவர் தொலைக்காட்சிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு தகப்பன் மகளிடம் பேசினான். அவனோடு சேர்ந்து, ஒரு சொல் பிசகாமல், தெளிவாக, என் கணவர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரல்தான். பல மாதமாக நான் கேட்காத குரல். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. மனப்பாடமாக உள்ளே கிடக்கிற சொற்கள் வேறு வழியாக வெளியே வரும் என்றார். பாட்டு, மந்திரம், வசனம் எல்லாம் அப்படித்தானாம். "விடாமப் பேசவிடுங்க. அந்தப் பாதை தூந்துபோகாம இருக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் படம் ஓடியது.

பயமும் அப்போதுதான் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் மாதக்கணக்கில் எதுவும் காயாது. பெட்டிக்குள் வைத்த சேலை பூஞ்சணம் பூக்கும். செருப்பு பூக்கும். கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த டிவிடிகளும் பூத்துவிட்டன. டிவிடித் தட்டின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். சிலதைத் துடைத்தால் போனது. சிலது தட்டின் உள்ளேயே இறங்கியிருந்தது. அந்த இடம் வந்ததும் படம் அப்படியே நின்றுவிடும். நடிகரின் வாய் திறந்தபடி நிற்கும். என் கணவரின் வாயும் திறந்தபடி நிற்கும். அடுத்த சொல் அவருக்கு வராது. அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

என் தங்கை ஹட்டனில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பிக்கிறாள். நான் அழுதுகொண்டே போனில் சொன்னதைக் கேட்டு, பழைய லெப்டொப் ஒன்றையும் ஒரு ஹாட் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மொத்தத்தையும் இதுக்குள்ள எறக்கிருவோம்க்கா. அப்புறம் பூஞ்சணம் புடிச்சா என்ன, ஒடஞ்சா என்ன."

முதலில் தட்டில் இருந்து தட்டுக்குத்தான் எடுத்துப் பார்த்தோம். பஜாரில் இருந்த கொமினிகேஷன் கடையில் நான் வெற்று சீடி ஒரு கட்டு வாங்கி வந்தேன். பாதி சரியாக ஓடவில்லை. பிறகு ஹாட் டிஸ்க்கிலேயே போட ஆரம்பித்தோம். ஒரிஜினல் தட்டுகளுக்குப் பூட்டு இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வெறுமனே கொப்பி பண்ணினால் வராது. தங்கை எதையோ தரவிறக்கி அந்தப் பூட்டைத் திறந்தாள்.

"இது பண்ணலாமா?" என்று கேட்டேன்.

"என்னக்கா?"

"பூட்டுப் போட்டிருக்காங்கன்னா தொறக்கக்கூடாதுன்னுதான போட்டிருக்காங்க?"

அவள் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "அதுக்கெல்லாம் சட்டம் கிட்டம் இருக்கும். நம்ம வீட்டுக்குள்ள நம்ம காசுல வாங்கினது. யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லவேண்டி வருகிற காரியம் எதையும் நான் அதுவரை செய்ததில்லை.

படங்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. தொலைக்காட்சியின் பின்பக்கம் ஹாட் டிஸ்க்கைச் செருகினால் எங்கும் நிற்காமல் ஓடும். அவரும் நிற்காமல் பேசினார். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் செய்தி பரவ நேரமா ஆகும்? யார் யாரோ பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஒண்ணு ரெண்டு படம் இதுல போட்டுக் குடுங்களேன்" என்றார்கள். நான் இல்லை என்றேன். வந்து உட்கார்ந்து பாருங்கள், வெளியே தரமாட்டேன் என்றேன். இரண்டு வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

கொமினிகேஷன் கடைக்காரரும் கேட்டார். என்னைவிட வயதில் இளையவர். போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட், பென் டிரைவில் படம் ஏற்றிக் கொடுப்பது எல்லாம் அவர் கடையில் நடக்கும்.

"அக்கா, ஒங்க வீட்டுல ஒரிஜினல் நெறைய இருக்காமே. ஒரு தடவ குடுத்தீங்கன்னா பத்திரமா திருப்பித் தந்துருவேன். பிரிண்ட் நல்லா இருக்கும்."

"அவருக்குப் புடிக்காது தம்பி" என்றேன். கடைக்காரர் விடாமல் போனிலும் இரண்டு மூன்று தடவை கேட்டார். நான் அதே பதிலைத்தான் சொன்னேன்.

அந்தக் கடையில் பொலிஸ் புகுந்ததை நான் மருந்துக்கடையில் நின்று பார்த்தேன். காலை நேரம். பஜாரில் கூட்டம். ஜீப் வந்து நின்றது. கூடவே கொழும்பு நம்பர் வேன் ஒன்று. கொம்பியூட்டர்களை வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்து ஜீப்பில் போட்டார்கள். சீடிகளை உரப்பையில் கொட்டினார்கள். கடைசியாகக் கடைக்காரரைக் கூட்டி வந்தார்கள். விலங்கு போடவில்லை. ஆனால் ஒரு பொலிஸ் கொஸ்தாபல் அவருடைய இடுப்புப் பட்டியைப் பின்னால் பிடித்திருந்தார். ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை எடுக்கவிடவில்லை. ஜீப் போன பிறகும் அந்தச் செருப்பு நடு ரோட்டில் கிடந்தது.

"படம் கொப்பி அடிச்சதுக்காம்" என்றார் எங்கள் கடை முதலாளி. "கம்பனிக்காரங்க கேஸ் குடுத்திருக்காங்க. உள்ள போட்டாலும் போடுவாங்க."

என் கையில் இருந்த மருந்துப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வாங்க வந்த ஆள் இரண்டு தடவை கேட்டார்.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் தலைக்குள் ஒரே கேள்விதான். நானும் கொப்பிதான் எடுத்தேன். அவர் விற்றார், நான் விற்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். பொலிஸுக்குத் தெரியுமா? தெரிந்தாலும் என் சிங்களத்தில் அதை எப்படிச் சொல்வேன்? மாத்திரை எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கு மேல் என் சிங்களம் போகாது.

என் அப்பாவை யுத்த காலத்தில் ஒருமுறை சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் லயத்து ஆம்பளைகள் எல்லோரையும் ஃபுட்போல் கிரவுண்டில் மழையில் நிற்க வைத்தார்கள். அடையாள அட்டை கையில் இல்லாதவர்களை ஏற்றினார்கள். அப்பாவின் அட்டை வீட்டில் பெட்டிக்குள் இருந்தது. எடுத்து வருகிறேன் என்று சொல்ல அவருக்குச் சிங்களம் வரவில்லை. விட்டுவிட்டார்கள், திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று கடைசி வரை சொன்னதில்லை. அதற்குப் பிறகு கக்கூசுக்குப் போனாலும் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போவார். ஒன்றும் செய்யாதவரையே கூட்டிக்கொண்டு போனார்கள் என்றால், ஏதோ ஒன்று செய்திருக்கிற என்னை?

வீட்டுக்குப் போனதும் ஹாட் டிஸ்க்கைப் பிடுங்கி எடுத்தேன். அரிசி வாளிக்குள் புதைத்தேன். பிறகு அங்கேதான் முதலில் தேடுவார்கள் என்று தோன்றியது. விறகுக் கொட்டிலில் வைத்தேன். ஈரம் ஏறிவிடும் என்று திரும்ப எடுத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று லெப்டொப்பைத் திறந்தேன். அவர் நாற்காலியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்கு வழக்கமாகப் படம் போடுவேன்.

"ம்..." என்றார்.

என்னால் அழிக்க முடியவில்லை. ஜன்னலை மூடிவிட்டு, சத்தத்தைக் குறைத்து, படத்தைப் போட்டேன். அவர் பேச ஆரம்பித்தார். வெளியே கேட்குமே என்று அவருடைய குரலுக்குப் பயந்தேன். கேட்கவேண்டும் என்று எந்தக் குரலுக்காக ஏங்கினேனோ அதே குரலை, "மெதுவாப் பேசுங்க, மெதுவா" என்று அடக்கினேன்.

தங்கையிடம் சொன்னபோது அவளும் பயந்துவிட்டாள். ஆனால் அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள். ஹட்டனில் ஒரு பெண் சட்டத்தரணியின் நம்பரை வாங்கி அனுப்பினாள். லீவு கிடைக்கும்போது போகலாம் என்று நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேயிலை மலைக்கு நடுவே ஜீப் ஏறி வருகிற சத்தம் வளைவுக்கு வளைவு கேட்டது. எங்கள் டிவிஷனுக்கு ஜீப்பில் வருகிறவர் தோட்டத்தை நடத்தும் தொரை ஒருவர்தான். தொரையின் ஜீப் சத்தம் எங்களுக்குத் தெரியும். இது அது இல்லை. நான் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பங்கரையிலேயே நின்றேன். அண்ணிதான் கதவடியில் வந்து, "ஒன்னயத்தான் கேக்குறாங்க" என்றார்.

ஒரு சார்ஜன்டும் ஒரு கொஸ்தாபலும். சார்ஜன்ட் ஐம்பதை நெருங்கியவர். செருப்பு வைக்கிற இடத்தில் சப்பாத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்தச் சின்ன மரியாதைகூட எனக்குப் பயத்தைத்தான் கூட்டியது. கடைக்காரரின் போனில் என் நம்பர் இருக்கிறது, இரண்டு மூன்று தடவை பேசியிருக்கிறீர்கள், ஏன் என்று சிங்களத்தில் கேட்டார்.

"அவருதான் கேட்டாரு மாத்தயா. நான் குடுக்கல." தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

"வெற்று சீடி ஒரு கட்டு வாங்கியிருக்கிறீர்கள். வீட்டுக்கு எதற்கு அவ்வளவு?"

சிங்களத்தில் சொல்ல வராமல் அலுமாரியைக் கையால் காட்டினேன். அவர் அலுமாரியைப் பார்த்தார். லெப்டொப்பைப் பார்த்தார். கொப்பி எடுக்க முயன்று வீணாய்ப்போன சீடிகள் மேசைக்கு அடியில் இருந்ததை கொஸ்தாபல் இழுத்து வெளியே போட்டார். பார்க்கிற எவருக்கும் அது ஒரு தொழில் மாதிரித்தான் தெரியும். எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

என் கணவர் எழுந்து நின்றார். இடது கையால் அலுமாரியின் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டார். சார்ஜன்ட் அந்தக் கையை விலக்கவில்லை. அவர் தானாக எடுக்கும்வரை கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எல்லா டிவிடிகளையும் ஒரு பெட்டியில் போட்டு, லெப்டொப்பையும் ஹாட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஸ்டேஷனுக்கு வரவேண்டும், படங்களை வாங்கியவரும் வரவேண்டும் என்றார்கள். ஜீப் இறங்கிப் போகிறவரை லயத்தில் ஒரு வாசலிலும் சத்தம் இல்லை. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

அன்று சாயந்திரமே தங்கை என்னைச் சட்டத்தரணியின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவர் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எதையாவது வித்தீங்களா?"

"இல்ல மேடம்."

"யாருக்காவது சும்மா குடுத்தீங்களா?"

"இல்ல."

"சரி. ஒரு மனுசன் தான் முறையா வாங்கின படத்த, தன்னோட சொந்தத் தேவைக்கு, ஒரே ஒரு கொப்பி எடுக்குறதுக்கு நம்ம நாட்டுச் சட்டம் எடம் குடுக்குது. ஒரே ஒரு கொப்பி. அத ஞாபகம் வச்சுக்கங்க."

எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. உடனே மறுபடி ஏறியது.

"மேடம், ஹாட் டிஸ்க்குல ஒண்ணு இருக்கு. லெப்டொப்லயும் இருக்கு. மொதல்ல எடுத்துப் பாத்த சீடியும் கெடக்கு. அப்ப அது மூணா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களாப் போயி அதச் சொல்ல வேணாம். கேட்டா பொய்யும் சொல்ல வேணாம்."

"பூட்ட ஒடச்சது?"

"அது வேற பிரச்சின. பூட்ட ஒடைக்கிறதப் பத்திச் சட்டம் தனியாப் பேசுது. வீட்டுத் தேவைக்குன்னு ஒருத்தர் ஒடச்சா என்னன்னு நீதிமன்றத்துல யாரும் கேட்டு எனக்குத் தெரியாது. அதனால சரின்னும் சொல்லமாட்டேன், தப்புன்னும் சொல்லமாட்டேன்." பிறகு கேட்டார்: "வாங்கின பில் இருக்கா?"

பில். கொழும்புக்கும் மலைக்கும் நடுவே லொறி ஜன்னலால் பறந்துபோன பில்கள். எது முறையாக வாங்கியது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி பேச முடியாத என் கணவர்தான்.

மறுநாள் ஆட்டோவில் போனோம். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். அடையாள அட்டைகள் இரண்டும் என் கைப்பைக்குள் இருந்தன. போகிற வழியில் எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று தெரியாது. ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது மழை பிடித்துவிட்டது. சட்டத்தரணி எங்களுக்கு முன்பே வந்திருந்தார்.

உள்ளே சார்ஜன்டின் மேசைக்குப் பக்கத்தில் கொழும்பில் இருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். படங்களின் உரிமையை வைத்திருக்கிற கம்பனியின் ஆள். தமிழர். மெல்லிய சட்டையோடு வந்துவிட்டு, எங்கள் குளிரில் கைகளை உரசிக்கொண்டே இருந்தார். எங்கள் பெட்டி அவருக்கு முன்னால் இருந்தது. ஒரு சின்ன டோர்ச்சை அடித்து ஒவ்வொரு தட்டின் நடு வளையத்தையும் பார்த்தார். ஒரிஜினலாக இருந்தால் அங்கே பொடி எழுத்தில் ஓர் அடையாளம் இருக்குமாம். பார்த்துவிட்டு ஒன்றை வலப்பக்கம் வைத்தார். அடுத்ததையும் வலப்பக்கம். அடுத்ததை இடப்பக்கம்.

இடப்பக்கம் எதற்கு என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இதெல்லாம் டூப்ளிகேட்" என்றார். "கவர் நல்லா அடிச்சிருக்கிறாங்க. ஆனா ஒரிஜினல் இல்ல."

இடப்பக்கத்து அடுக்கு ஏறிக்கொண்டே போனது. நான் சட்டத்தரணியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முறையாக வாங்கிய படத்துக்குத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது என்று முந்தின நாள் சொன்னவர் அவர். முறையாக வாங்கினோம் என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். நம்பினால் போதுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கைப்பைக்குள் கையை விட்டு அடையாள அட்டைகளைப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் அந்த இடப்பக்கத்து அடுக்கையே பார்த்தார். திருட்டு சீடியை வாழ்நாளில் தொடாத மனிதர். அவருடைய முகத்தில் வாய் இழுத்த பக்கம் துடித்தது.

"ஐயா, எங்க வாங்கினீங்க இத?" கம்பனி ஆள் மரியாதையாகத்தான் கேட்டார். "கடை எங்க இருக்குதுன்னு சொன்னாலும் போதும்."

"அவருக்குப் பேச வராதுங்க" என்றேன்.

ஆனால் அவர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. இந்த இடத்தில் இவர் என்ன சொன்னாலும் அதை எழுதிக்கொள்வார்கள். கடைசியில் சொல் வந்தது. தெளிவாக, அழகாக, முழு வாக்கியமாக வந்தது.

"மழ வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிருவோம், வா கண்ணு."

வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இது அவருடைய பேச்சு இல்லை, படத்தில் வருகிற பேச்சு என்றேன். படம் போட்டால் மட்டும்தான் இவருக்குப் பேச்சு வரும், அதற்காகத்தான் கொப்பி எடுத்தேன் என்று சொல்லத் தெரியாமல் தமிழில் சொன்னேன். சட்டத்தரணி அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். சார்ஜன்ட் கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி, திரும்பப் போட்டார்.

கம்பனி ஆளுக்கு மட்டும் அந்த வசனம் தெரிந்திருந்தது. இடப்பக்கத்து அடுக்கில் விரலை ஓட்டி ஒரு தட்டை உருவி எடுத்தார். தகப்பனும் மகளும் வருகிற அந்தப் படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் கணவரைப் பார்த்தார். வலப்பக்கம் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினார்.

"இத நான் விட்டா என் வேலை போயிரும் அக்கா" என்றார் மெதுவாக.

பிறகு நடந்தது எல்லாம் சீக்கிரம் நடந்தது. கம்பனி எங்கள்மேல் முறைப்பாடு கொடுக்கவில்லை. விற்றதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. போலித் தட்டுகளையும் நாங்கள் கொப்பி எடுத்த சீடிகளையும் எடுத்துக்கொள்வார்கள். போலித் தட்டுகளில் இருந்து எடுத்த கொப்பிகளை எங்கள் கண்முன்னாலேயே அழிக்கவேண்டும். கம்பனி ஆளே லெப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழித்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் படத்தின் பெயரைச் சொன்னார். நான் தலையாட்டினேன். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹாட் டிஸ்க்கில் மீதி இருந்த, ஒரிஜினலில் இருந்து எடுத்த கொப்பிகளைக் காட்டி, "இதெல்லாம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"அதப்பத்தி நான் ஒண்டும் சொல்லல. வீட்டுக்குள்ள வச்சுக்கொள்ளுங்க" என்றார்.

வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. சட்டத்தரணி ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் பெருவிரல் வைத்தார். லொறி ஓட்டிய காலத்தில் மூன்று மொழியிலும் கையெழுத்துப் போட்டவர்.

கொமினிகேஷன் கடைக்காரர் பிணையில் வந்தார். வழக்கு முடியவில்லை. இப்போது அதே இடத்தில் பெல்ட்டும் குடையும் விற்கிறார். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார். நானும் குனிந்துகொள்வேன். யார் யாரை மாட்டிவிட்டது என்று இருவரும் யோசிக்கிறோமோ என்னவோ.

அதன் பிறகு பல வாரங்கள் என் கணவர் படம் பார்க்கவில்லை. மிஞ்சிய ஒரிஜினல்களை நான் அலுமாரியில் திரும்ப அடுக்கினேன். ஒன்றைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். "ம்" என்பதும் குறைந்தது. இந்தத் தடவை எனக்கு வந்த பயத்துக்கு முன்னால் பொலிஸ் பயம் ஒன்றுமே இல்லை. அந்தப் பாதை தூர்ந்துவிடக்கூடாது என்று டொக்டர் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

தங்கை அந்தத் தகப்பன் மகள் படத்தின் ஒரிஜினல் தட்டைக் கொழும்பு முழுக்கத் தேடினாள். இப்போது அது தட்டாக வருவதில்லை என்றார்கள். மாதாமாதம் கட்டணம் கட்டி இணையத்தில் பார்க்கிற இடம் ஒன்றில் அந்தப் படம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, என் போனில் அதைப் போட்டுத் தந்தாள். முறையானது, யாரும் கேட்க முடியாது என்றாள். ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை வட்டம் சுற்றும். அவர் வாய் திறந்தபடி நிற்பார். பழைய கதைதான்.

ஃபெக்டரிக்கு மேலே ஒரு வளைவில் சிக்னல் நன்றாக இழுக்கும். அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் ஆட்டோவைப் பிடித்துப் போக ஆரம்பித்தோம். ஆட்டோக்காரர் இறங்கி மதிலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். நாங்கள் இருவரும் பின் சீட்டில், இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, போனை என் மடியில் சாய்த்து வைத்துப் பார்ப்போம். முதல் வாரம் அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் உதடு அசைந்தது. அதற்கடுத்த வாரம், மிஸ்ட் இறங்கி வெளியே ஒன்றும் தெரியாத நேரத்தில், தகப்பன் பேசியபோது இவரும் பேசினார். குரல் கம்மியிருந்தது. சொல் எல்லாம் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை படம் பாதி ஓடும்போது கீழே ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டது. வளைவுக்கு வளைவு நெருங்கியது. நான் போனைக் கவிழ்த்து மடியோடு அமுக்கிக்கொண்டேன். பணம் கட்டிப் பார்க்கிறோம், கொப்பி இல்லை, பூட்டு உடைக்கவில்லை. எல்லாம் தெரியும். கை கேட்கவில்லை. ஜீப் எங்களைத் தாண்டி மேலே போய் மறைந்தது. யாருடைய ஜீப் என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் என் கையைப் பார்த்தார். தன் இடது கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, போனை நிமிர்த்தி வைத்தார்.